தட்டில் வளராத பாக்டீரியாக்கள்

கேள்வி இது: "பாக்டீரியாவைப் பற்றி அண்மைக் காலத்தில் உருப்படியாக என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள்? நுண்ணுயிர்கள்தான் இந்த உலகத்தையே உருவாக்கின என்கிறார்களே, அது மிகையா? அப்புறம், 'நல்ல பாக்டீரியா' என்று விற்கிற புரோபயாடிக் மாத்திரை சாப்பிடுவதில் ஏதாவது பயன் உண்டா?"

முதல் இரண்டு கேள்விகளும் பின்னிப் பிணைந்தவை. சேர்த்தே சொல்கிறேன். மாத்திரை கடைசியில்.

பள்ளியில் படித்த பாக்டீரியா எப்படி இருந்தது? ஒரே செல். உட்கரு கிடையாது, டிஎன்ஏ உள்ளே அப்படியே கிடக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். இது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சித்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1880-களில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் தொடங்கி, பாக்டீரியாவைப் படிப்பதற்கு முக்கிய வழி ஒன்றுதான் இருந்தது. மாதிரியை அகர் என்ற சத்துக்கூழ் பரப்பிய தட்டில் தேய்ப்பது, கதகதப்பான இடத்தில் ஓரிரு நாள் வைப்பது, முளைத்து வரும் காலனியை, அதாவது பாக்டீரியாத் திட்டை, எடுத்து ஆராய்வது. மண்ணையோ கடல்நீரையோ மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எண்ணினால் தெரியும் செல்களில் மிகச் சிறு பகுதிதான் தட்டில் காலனியாக வரும் என்பது ஆய்வாளர்களுக்கு வெகுகாலமாகவே தெரியும். ஆனாலும் பாடநூல் எழுதப்பட்டது முளைத்தவற்றை வைத்துத்தான். அவசரமாக வளர்கிறவை, தனியாக வளர்கிறவை, நாம் கொடுத்ததைத் தின்கிறவை. இந்த மூன்று குணமும் இல்லாதவை கணக்கிலேயே வரவில்லை.

என் பார்வையில், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த பெரிய செய்திகளில் பாதிக்கு மேல் அந்தக் கணக்கில் வராதவற்றைப் பற்றியவைதான். காத்திருந்தவர்களுக்கும், தட்டை விட்டு வேறு இடத்தில் தேடியவர்களுக்கும் கிடைத்தவை.

வயிற்றுப்புண் கதை இதற்கு நல்ல முன்னோட்டம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இரைப்பைத் திசுவில் சுருள் வடிவ பாக்டீரியாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தட்டில் மட்டும் வளரவில்லை. இரண்டு நாளில் ஒன்றும் முளைக்காத தட்டைக் குப்பையில் போடுவது வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் போட ஆள் இல்லாமல் தட்டுகள் கூடுதலாகச் சில நாள் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் காலனிகள்! அதுதான் ஹெலிகோபாக்டர் பைலோரி. மெதுவாக வளர்வது மட்டுமே அதன் குற்றம். மன அழுத்தமும் அமிலமும்தான் காரணம் என்று நம்பியிருந்த மருத்துவ உலகத்தை ஒப்புக்கொள்ள வைக்க மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

சரி, புதியவற்றுக்கு வருவோம்.

கரீபியக் கடலில் குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. அங்கே அலையாத்திக் காட்டில் நீரில் மூழ்கி அழுகும் இலைகள் மேல் வெள்ளை இழைகள் ஒட்டிக்கொண்டிருந்ததை 2009-ல் ஒலிவியே குரோ என்ற உயிரியலாளர் பார்த்தார். பார்த்தது வெறுங்கண்ணால். ஏதோ பூஞ்சையாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. மரபணுவைப் பார்த்தபோது அது பாக்டீரியா. ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம், அதாவது கண்ணிமை முடி அளவு. மிக நீளமானது இரண்டு சென்டிமீட்டர். 2022-ல் 'சயின்ஸ்' இதழில் தியோமார்கரிட்டா மக்னிஃபிகா என்ற பெயரோடு விரிவான ஆய்வு வெளிவந்தது. அதற்கு முன் சாதனையை வைத்திருந்தது அதன் உறவினர். 1990-களின் இறுதியில் நமீபியக் கடற்கரைச் சேற்றில் கிடைத்தது. அது முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டாது.

நீளம் வேடிக்கைச் செய்திதான். உள்ளே இருந்ததுதான் ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. பாக்டீரியா சிறியதாக இருப்பதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: உள்ளே பொருள்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு கிடையாது, எல்லாம் தானாகப் பரவித்தான் போக வேண்டும், தூரம் கூடினால் பரவல் போதாது. மக்னிஃபிகா இதைச் சமாளித்த விதம் அழகானது. செல்லின் பெரும்பகுதியை ஒரு நீர்ப்பை அடைத்துக்கொள்கிறது. உயிருள்ள பகுதி அதைச் சுற்றி ஓரமாக ஒரு மெல்லிய படலம் மட்டுமே. அந்தப் படலத்தில் சின்னச் சின்ன உறைகள்; ஒவ்வொன்றுக்குள்ளும் டிஎன்ஏ, கூடவே புரதம் கட்டும் ரைபோசோம்கள். பெப்பின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முழு மரபணுத்தொகுதியின் பல லட்சம் நகல்கள் ஒரே செல்லில். எந்த இடத்தில் புரதம் வேண்டுமோ அந்த இடத்திலேயே உற்பத்தி. டிஎன்ஏவை உறைக்குள் வைப்பது உட்கரு உள்ள செல்களின் தனிச் சொத்து என்று எழுதி வைத்திருந்த கோடு இங்கே கொஞ்சம் அழிந்தது. கொஞ்சம்தான், இதை வைத்து "பாக்டீரியாவுக்கும் உட்கரு உண்டு" என்று சிலர் எழுதினார்கள், அது அதிகம்.

அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம், ஆனால் கதாநாயகன் பாக்டீரியா அல்ல. 1977-ல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்என்ஏவை ஒப்பிட்டு, பாக்டீரியா என்று நாம் நினைத்திருந்த ஒரு கூட்டம் உண்மையில் தனிக் குலம் என்று காட்டினார்கள். அதுதான் ஆர்க்கியா. தோற்றத்தில் பாக்டீரியா மாதிரி, உள்ளே இயந்திரங்கள் பல நம்முடையவை மாதிரி. 2015-ல் கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே உள்ள 'லோக்கியின் கோட்டை' என்ற ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுப் பகுதிச் சேற்றிலிருந்து எடுத்த டிஎன்ஏவில், தைஸ் எட்டெமாவின் குழு ஒரு புதிய ஆர்க்கியா கூட்டத்தைக் கண்டது. நம் செல்களுக்கு எலும்புக்கூடு மாதிரி உருவம் தரும் புரதங்களுக்குச் சொந்தக்காரப் புரதங்களின் மரபணுக்கள் அதில் இருந்தன. செல்லை யாரும் பார்த்ததில்லை. வெறும் டிஎன்ஏ எழுத்துகள்தான் கையில். கலப்படமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

இதற்கிடையில் ஜப்பானில் ஹிரோயுகி இமாச்சி என்பவர் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார். 2006-ல் அந்நாட்டுக் கரைக்கு அப்பால் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த சேற்றை ஒரு கலனில் வைத்து, மீத்தேன் ஊட்டி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓட விட்டார். உள்ளே பாலியூரித்தேன் பஞ்சு, நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொள்ள. பிறகு அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாய்களில் விதவிதமான உணவோடு போட்டார். ஏறக்குறைய ஓராண்டு கழித்து ஒரு குழாயில் மிக லேசான கலங்கல் தெரிந்தது. அதைத்தான் பிடித்துக்கொண்டு மேலும் பல ஆண்டுகள் பிரித்துப் பிரித்து வளர்த்தார்கள். அந்த உயிரி ஒரு முறை இரட்டிப்பாக 14 முதல் 25 நாள் ஆகும். மொத்தம் 12 ஆண்டு உழைப்பு. 2020-ல் 'நேச்சர்' இதழில் வந்தபோது உலகம் முதன்முறையாக அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு செல்லை நேரில் பார்த்தது.

பார்த்தது எதிர்பார்த்த மாதிரி இல்லை. நம் செல்களின் மூதாதைக்கு நெருங்கிய உறவு என்றால் உள்ளே அறைகளும் உறைகளும் இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். ஒன்றும் இல்லை; சின்னஞ்சிறு உருண்டை. ஆனால் அதன் மேலிருந்து நீண்ட, கிளைவிட்ட கரங்கள் நீண்டிருந்தன. அது தனியாகவும் வாழாது. அமினோ அமிலத்தைச் சிதைக்கும்போது வெளியாகும் ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ள ஒரு கூட்டாளி பக்கத்திலேயே வேண்டும். அந்தக் கரங்களால் ஒரு பாக்டீரியாக் கூட்டாளியைச் சுற்றி வளைத்து, காலப்போக்கில் உள்ளே இழுத்துக்கொண்டதுதான் உட்கரு உள்ள நம் வகைச் செல்லின் தொடக்கம் என்பது அந்தக் குழு முன்வைக்கும் யோசனை. உள்ளே போன பாக்டீரியா இன்று ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவாக நம் செல்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. உள்ளே போனது பாக்டீரியாதான் என்பதில் இன்று சண்டை இல்லை. 1967-ல் லின் மார்குலிஸ் இதை எழுதியபோது பல ஆய்விதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. எப்படி உள்ளே போனது என்பதில்தான் இன்னும் வாதம் நடக்கிறது. வியன்னாவில் கிறிஸ்டா ஷ்லெப்பரின் குழு இந்தக் கூட்டத்தின் இன்னொரு உயிரியை வளர்த்து, அந்தக் கரங்களுக்குள் ஆக்டின் என்ற எலும்புக்கூட்டு இழைகள் ஓடுவதைக் காட்டிவிட்டது. கலப்படச் சந்தேகத்துக்கு அதோடு இடம் போய்விட்டது.

"உலகத்தையே உருவாக்கின" என்பது மிகையா என்று கேட்டீர்கள். இந்த ஒன்றை மட்டும் வைத்தே மிகையில்லை என்பேன். இதைப் படிக்கும் கண், எழுதும் கை, வெளியே நிற்கும் மரம் எல்லாமே ஒரு ஆர்க்கியாவும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்த கூட்டின் வாரிசுகள். மரத்துக்குக் கூடுதலாக இன்னொன்று: அதன் பச்சையத்தைச் சுமக்கும் பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த சயனோபாக்டீரியா, அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு வகை பாக்டீரியா. அந்தச் சயனோபாக்டீரியாக்கள்தான் ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதற்கும் காரணம். அதற்கு முன் பூமியின் பாதி ஆயுள் காலம் காற்றில் ஆக்சிஜன் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அன்றிருந்த பல நுண்ணுயிர்களுக்கு அது விஷமாகத்தான் வந்து சேர்ந்திருக்கும்.

உலகில் மிக அதிக எண்ணிக்கையில் உள்ள ஒளிச்சேர்க்கை உயிரி எது தெரியுமா? புரோகுளோரோகாக்கஸ் என்ற கடல் சயனோபாக்டீரியா. குறுக்களவு ஒரு மைக்ரானைவிட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. 1980-களின் நடுவில் பென்னி சிஷோமும் ராபர்ட் ஓல்சனும் செல்களை ஒளிக்கற்றையில் ஓடவிட்டு எண்ணும் கருவியைக் கப்பலில் ஏற்றிய பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. கடல் ஆராய்ச்சி அதற்கு முன் நூறாண்டுக்கு மேல் நடந்திருக்கிறது!

இப்படி ஒரு செல்லுக்குள் இன்னொன்று போய் உறுப்பாகிவிடுவது என்றோ நடந்து முடிந்த சங்கதி என்று நினைத்திருந்தோம். 2024-ல் அந்த எண்ணமும் ஆட்டம் கண்டது. இது எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் இரண்டு நைட்ரஜன் அணுக்களையும் மூன்று பிணைப்புகள் இறுகப் பிடித்திருப்பதால் செடியோ விலங்கோ அதைத் தொட முடியாது. உரத் தொழிற்சாலையில் அதைப் பிரிக்க 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் மிகப் பெரிய அழுத்தமும் வேண்டும். சில பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும் இதைச் சாதாரண வெப்பத்தில், நைட்ரஜனேஸ் என்ற நொதியை வைத்துச் செய்துவிடும். உட்கரு உள்ள எந்த உயிரியும் இதைச் சொந்தமாகச் செய்வதில்லை என்பது பாடநூல் விதி. 1998-ல் ஜொனாதன் ஸேர் பசிபிக் கடல்நீரில் அந்த நொதியின் மரபணுத் துண்டு ஒன்றைக் கண்டார். சொந்தக்காரர் யாரென்று தெரியவில்லை. பல ஆண்டு துப்பறிந்து, அது ஒரு விசித்திரமான சயனோபாக்டீரியா, ஒளிச்சேர்க்கைக்கான முக்கிய மரபணுக்களைத் தொலைத்துவிட்டது, ஒரு கடல் பாசியோடு ஒட்டி வாழ்கிறது என்பது வரை வந்தார்கள். அந்தப் பாசியை ஆய்வகத்தில் வளர்க்க யாராலும் முடியவில்லை.

ஸேருக்குத் தெரியாமலே, ஜப்பானில் கியோகோ ஹகினோ அதே பாசியை வளர்க்கப் பத்தாண்டுக்கு மேல் போராடிக்கொண்டிருந்தார். அவர் அக்கறை வேறு. பாசியின் மேல் உள்ள சுண்ணாம்புத் தகடுகள்தான் அவர் ஆராய்ச்சிப் பொருள். ஒரு வழியாக வளர்த்துவிட்டார். அந்த வளர்ப்பு கையில் கிடைத்ததும் முடிச்சு அவிழ்ந்தது. எக்ஸ் கதிர் படங்களில் பார்த்தால், பாசி பிரியும்போது உள்ளே இருக்கும் அந்த 'விருந்தாளி'யும் முறை வைத்து ஒன்று இரண்டாகப் பிரிந்து, மகள் செல்லுக்கு ஒன்று என்று போகிறது. அதைவிட முக்கியம், விருந்தாளி தனக்கு வேண்டிய புரதங்கள் பலவற்றைச் சொந்தமாகத் தயாரிப்பதில்லை. பாசி தயாரித்து, முகவரிச் சீட்டு மாதிரி ஒரு துண்டை ஒட்டி உள்ளே அனுப்புகிறது. சொந்தப் புரதத்துக்கு அடுத்தவரை நம்புவதுதான் விருந்தாளிக்கும் உறுப்புக்கும் இடையே உள்ள கோடு. அது தாண்டப்பட்டுவிட்டது. நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர். இந்த உறவுக்கு வயது ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகள். மைட்டோகாண்ட்ரியாவோடு ஒப்பிட்டால் நேற்று பிறந்தது.

உடனே "இனி உரமே வேண்டாம், பயிருக்குள் நைட்ரோபிளாஸ்ட் வைத்துவிடலாம்" என்று தலைப்புகள் வந்தன. அந்தத் திசையில் யோசிப்பவர்கள் இருக்கிறார்கள், நியாயமான யோசனைதான். ஆனால் 10 கோடி ஆண்டுகளில் அமைந்த ஏற்பாட்டை ஒரு பயிருக்குள் கொண்டுவருவது சில ஆண்டுத் திட்டத்தில் முடியும் வேலையில்லை.

இன்னொரு பக்கம் பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் நடக்கும் போர். கிரிஸ்பர் என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். பாக்டீரியா டிஎன்ஏவில் இந்த விநோதமான மீள்வரிசையை 1987-ல் ஒசாகாவில் இஷினோ பார்த்தார், பயன் தெரியவில்லை. ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ மொஹிகா ஆண்டுக்கணக்கில் அதையே துருவி, இடையிடையே உள்ள துண்டுகள் வைரஸ்களிடமிருந்து வந்தவை, இது ஒரு நோய்த்தடுப்பு நினைவேடு என்று 2005-ல் வெளியிட்டார். 2007-ல் பால் புளிக்க வைக்கும் பாக்டீரியாவில் அது சோதனையாக நிரூபிக்கப்பட்டது. 2012-ல் ஜெனிஃபர் டவுட்னாவும் எம்மானுவேல் ஷார்பாந்தியேவும் அதை மரபணுவை வெட்டும் கருவியாக்கினார்கள், 2020-ல் நோபல். 2023-ல் அரிவாள் செல் சோகைக்கு கிரிஸ்பர் சிகிச்சைக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. இந்தக் கதை பலரும் சொல்லிவிட்டார்கள்.

குறைவாகப் பேசப்படுவது அதன் பின்வந்தது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரோடெம் சோரெக்கின் குழு, பாக்டீரியாவின் தடுப்பு மரபணுக்கள் டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்தில் கூட்டமாக இருக்கும் என்பதைத் துப்பாக வைத்துத் தேடியது. பத்துப் புதிய தடுப்பு முறைகளை 2018-ல் ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். பிற குழுக்களும் இறங்க, இன்று நூற்றுக்கும் மேல். இதில் திகைக்க வைப்பது, அவற்றில் பல நம் உடலிலும் இருப்பதுதான். நம் செல்லுக்குள் வைரஸ் டிஎன்ஏ நுழைந்தால் சிகாஸ் என்ற புரதம் அதை மோப்பம் பிடித்து, ஒரு சிறு வேதிச் செய்தியை வெளியிட்டு, ஸ்டிங் என்ற புரதத்தை எழுப்பும். அதே ஏற்பாடு பாக்டீரியாவிலும் இருக்கிறது. அங்கே செய்தி கிடைத்ததும் செல் தன்னையே கொன்றுகொள்ளும், வைரஸ் பெருகி அக்கம்பக்கத்துச் செல்களைத் தாக்குவதற்குள். கிருமியை எதிர்க்க நம் உடல் வைத்திருக்கும் ஆயுதங்களில் சில, கிருமிகள் கண்டுபிடித்தவை.

இதைவிட வினோதம் 2024-ல் வந்தது. கிளெப்சியெல்லா என்ற ஒரு பாக்டீரியா, வைரஸ் தாக்கும்போது மட்டும், தன் டிஎன்ஏவில் இல்லாத ஒரு மரபணுவைப் புதிதாக உண்டாக்குகிறது. ஒரு குட்டி ஆர்என்ஏவை அச்சாக வைத்து, அதையே சுற்றிச் சுற்றிப் படியெடுத்து நீண்ட டிஎன்ஏ இழை ஒன்றைச் செய்கிறது. துண்டுகள் ஒட்டிய இடங்களில் புரதத்துக்கான தொடர் இடைவெளி இல்லாமல் நீள்கிறது. அந்தப் புரதம் செல்லை உறைய வைத்து வைரஸை முடக்குகிறது. மரபணு என்றால் மரபணுத்தொகுதியில் எழுதி வைத்திருப்பது என்றுதான் நினைத்திருந்தோம். தேவைப்படும்போது எழுதி, வேலை முடிந்ததும் விட்டுவிடலாம் என்பது பாக்டீரியாவுக்குத் தெரிந்திருக்கிறது.

மருந்துப் பக்கம் நிலவரம் அவ்வளவு உற்சாகமானதில்லை. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக 2019-ல் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக 'லான்செட்' இதழில் வந்த பெரிய கணக்கெடுப்பு சொல்கிறது. நம்மிடம் உள்ள ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவை மண் நுண்ணுயிர்கள் தமக்குள் சண்டை போட வைத்திருந்தவை. தட்டில் வளரும் மண் பாக்டீரியாக்களைத் திரும்பத் திரும்பச் சலித்ததில் பழையதே மீண்டும் மீண்டும் வந்தது, கம்பெனிகள் கைவிட்டன. திரும்பவும் அதே தட்டுப் பிரச்சினைதான்! அமெரிக்காவில் கிம் லூயிஸும் ஸ்லாவா எப்ஸ்டைனும் தட்டையே மாற்றினார்கள். சின்னச் சின்னக் குழிகள் கொண்ட ஒரு சில்லில் குழிக்கு ஒரு பாக்டீரியா வீதம் அடைத்து, சவ்வால் மூடி, அதே மண்ணில் திரும்பப் புதைத்தார்கள். மண்ணின் சத்து உள்ளே கசியும், பாக்டீரியா வெளியே போகாது. அப்படி வளர்ந்த ஒன்றிலிருந்து 2015-ல் டெய்க்ஸோபாக்டின் என்ற புதிய ஆன்டிபயாடிக் கிடைத்தது. கனடாவில் ஜெர்ரி ரைட்டின் குழு இன்னும் எளிய வழியில் போனது. ஒரு வீட்டுக் கொல்லை மண்ணை எடுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களை ஏறக்குறைய ஓராண்டு வளர விட்டார்கள். மெதுவாக வளர்பவை எழுந்து வரட்டும் என்று. 2025-ல் அதிலிருந்து லாரியோசிடின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் வந்தது. ரைபோசோமில் வேறு எந்த மருந்தும் பிடிக்காத இடத்தைப் பிடிக்கிறது. ஆய்வகத்தில் பாக்டீரியாவைக் கொல்வது முதல் படிதான். மனிதருக்குக் கொடுக்கும் மருந்தாவதற்குள் பல நல்ல மூலக்கூறுகள் கழன்றுவிடும்.

பாக்டீரியாவைக் கொல்லாமல் வேலைக்கு வைத்த ஒரு வெற்றியையும் சொல்ல வேண்டும். வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பூச்சிகளின் செல்லுக்குள் வாழ்வது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குள் அதைக் குடியேற்றினால் வைரஸ் உள்ளே சரியாகப் பெருகாது. முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் போய்விடும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் சில பகுதிகளில் மட்டும் இந்தக் கொசுக்களை விட்டுச் சோதித்ததில், அங்கே டெங்கு 77 விழுக்காடு குறைந்தது. முடிவு 2021-ல் வெளியானது. முறையான ஒப்பீட்டுச் சோதனையில் இப்படி ஒரு எண் வருவது அபூர்வம்.

பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா? ஜப்பானின் சகாய் நகரில் பாட்டில் மறுசுழற்சி நிலையம் ஒன்றில் கிடைத்தது உண்மை, 2016-ல் செய்தியானது. பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் மெல்லிய படலத்தைத் தின்ன ஆறு வாரம் எடுத்துக்கொண்டது. தொழில் அளவில் நம்பிக்கை தருவது அதுவல்ல. இலைக் குப்பை உரத்தின் டிஎன்ஏவிலிருந்து பிடித்த வேறொரு நொதி. இலையின் மேல்பூச்சைக் கரைக்க இயற்கை வைத்திருந்தது. அதை மாற்றியமைத்து, 72 டிகிரி வெப்பத்தில் பத்து மணி நேரத்தில் பெட் பிளாஸ்டிக்கில் 90 விழுக்காட்டை மூலப்பொருளாகப் பிரித்துக் காட்டினார்கள். அதற்கும் பாட்டிலைச் சேகரித்து, அரைத்து, பதப்படுத்திக் கொடுக்க வேண்டும். கடலில் தூவிவிட்டால் பிளாஸ்டிக் மறையும் என்பதெல்லாம் கற்பனை.

இந்தத் துறையில் செய்தி படிக்கும்போது கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது, அதாவது உடனே விழுங்காமல். 2010-ல் கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக்கை வைத்து டிஎன்ஏ கட்டும் பாக்டீரியா கிடைத்ததாக நாசா கூட்டம் போட்டு அறிவித்தது. இரண்டே ஆண்டில் மற்றவர்கள் சோதித்து இல்லை என்று காட்டினார்கள். எழுதியவர்கள் ஒப்புக்கொள்ளாமலே 'சயின்ஸ்' அந்தக் கட்டுரையை 2025-ல் திரும்பப் பெற்றது. ஒவ்வொரு புற்றுநோய்க் கட்டிக்கும் தனி நுண்ணுயிர் அடையாளம் உண்டு என்று 2020-ல் 'நேச்சரில்' வந்த கட்டுரையும் 2024-ல் திரும்பப் பெறப்பட்டது. மனித டிஎன்ஏ துண்டுகளைக் கணினி பாக்டீரியா என்று எண்ணியிருந்தது. உடலில் வாழ வாய்ப்பே இல்லாத இனங்கள்கூடப் பட்டியலில் இருந்தன. "மனித செல்லைவிடப் பத்து மடங்கு பாக்டீரியா நம் உடலில்" என்பதும் அப்படித்தான். 2016-ல் ஒழுங்காகக் கணக்குப் போட்டபோது ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி மனித செல். எடை 200 கிராம் அளவு. கிட்டத்தட்ட சரிக்குச் சரி.

அதே புற்றுநோய்ப் பகுதியில் தாக்குப்பிடிக்கும் செய்தியும் இருக்கிறது. குடலில் வாழும் ஈ.கோலையில் சில வகைகள் கோலிபாக்டின் என்ற நச்சைச் சுரக்கும். அது டிஎன்ஏவில் குறிப்பிட்ட வகைத் தழும்பை விடும். 2025-ல் பல நாட்டுப் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுவைப் படித்ததில், நாற்பது வயதுக்கு முன் நோய் வந்தவர்களிடம் அந்தத் தழும்பு, எழுபதுக்குப் பின் வந்தவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் அதிகமாக இருந்தது. இளவயதினரிடம் இந்த நோய் ஏன் கூடுகிறது என்பதற்கு இது ஒரு வலுவான துப்பு. தழும்பு விழுவது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் என்றும் தெரிகிறது. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

இனி மாத்திரை. குடல் நுண்ணுயிரை மாற்றி நோயைக் குணப்படுத்த முடியும் என்பதற்கு ஒரு பிசகில்லாத ஆதாரம் உண்டு. கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி, ஆன்டிபயாடிக் குடலைக் காலி செய்த பிறகு குடியேறி, திரும்பத் திரும்ப வயிற்றுப்போக்கைத் தரும். ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களை நோயாளிக்குச் செலுத்தி நெதர்லாந்தில் நடத்திய சோதனையில் (2013) வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் 2022-லும் 2023-லும் இதன் அடிப்படையில் இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. இரண்டாவது விழுங்கும் மாத்திரை. இவை ஒரு குறிப்பிட்ட நோய்க்கானவை, ஒரு முழுச் சமூகத்தையோ அதன் பெரும் பகுதியையோ கொண்டவை.

கடையில் பொதுவாக விற்கும் புரோபயாடிக் வேறு ரகம். எளிதாக வளரும் ஓரிரு இனங்கள், அதாவது தட்டில் வளர்கிறவை. ஆரோக்கியமான குடலில் அவை பெரும்பாலும் தங்குவதில்லை, வந்து போகும். ஆன்டிபயாடிக் முடித்த பிறகு சாப்பிட்டால் நல்லது என்பது பரவலான நம்பிக்கை. 2018-ல் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் சோதித்தபோது, புரோபயாடிக் எடுத்தவர்களின் சொந்த நுண்ணுயிர்கள் திரும்பி வர, ஒன்றும் எடுக்காதவர்களைவிட அதிக காலம் ஆனது. சிறிய ஆய்வு, ஒரு குறிப்பிட்ட தயாரிப்பு, அதனால் இதை எல்லா மாத்திரைக்கும் நீட்டக் கூடாது. சில சூழல்களில், உதாரணமாக எடை மிகக் குறைந்த குறைமாதக் குழந்தைகளின் குடல் நோயைத் தடுப்பதில், பயன் தெரியும் ஆய்வுகளும் உண்டு. அங்கேயும் மருத்துவமனைக் கண்காணிப்பில்தான், ஏனென்றால் பலவீனமான உடலில் அதே பாக்டீரியா இரத்தத்தில் நுழையும் ஆபத்து இருக்கிறது. உங்களுக்கு யாராவது புரோபயாடிக் எழுதிக் கொடுத்தால் எந்த இனம், எந்தத் தொந்தரவுக்கு, எத்தனை நாள் என்று கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் சாப்பிடலாம். "பொதுவாக வயிற்றுக்கு நல்லது" என்ற பதில் மட்டும் வந்தால் வாங்க வேண்டியதில்லை.